மொட்டைக்கும் தாலிக்கும் நடுவே ஒரு கோல்

தம்பியைக் கல்யாணத்துக்குக் கூட்டிவர ஆப்பிரிக்கா வரை போன அக்கா, வெண்ணந்தூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் வீட்டில் மாப்பிள்ளை தானாக வந்துவிடுவான்.

மோகன் என்னைவிடப் பத்து வயது இளையவன். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு, அதாவது போர்வெல் போடுகிற லாரியோடு, தான்சானியாவுக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் பக்கத்து ஆட்கள் வண்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே போய் ஊர் ஊராகப் பூமியில் ஓட்டை போடுகிறார்கள். ஓட்டை போடத் தெரிந்தவனுக்குப் பெண் கொடுக்கத்தான் ஆளில்லை. முப்பத்து நாலு வயதில், பார்க்காத ஜாதகமெல்லாம் பார்த்து, ஒருவழியாகப் பள்ளிபாளையத்து நித்யா அமைந்தாள். டெக்ஸ்டைல்ஸ் ஆபீசில் வேலை. இரண்டு பேரும் போனில் பேசிப் பேசிப் பிடித்துப்போய், வைகாசிக் கடைசியில் முகூர்த்தம் குறித்தாயிற்று.

பத்திரிகை அடித்து, ராசிபுரத்தில் மண்டபமும் பிடித்த பிறகு, மோகன் வீடியோவில் கூப்பிட்டான். நான் வைத்துவிடப் பார்த்தேன். யாரோ சாமியார் நம்பர் மாறிக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். முடி தோள் வரை, தாடி நெஞ்சு வரை.

"அக்கா, நாந்தான்."

"என்றா கோலம் இது?"

"வேண்டுதலுங்க்கா. நம்ம கருப்பணாருக்கு."

கருப்பணார் எங்கள் காட்டோரத்துச் சாமி. சும்மா வேண்டிக்கொண்டு ஏமாற்றிவிட்டுப் போகிற சாமி இல்லை. என்ன வேண்டுதல் என்று கேட்டேன். அவன் இருக்கிற ஊரில் ம்புயு ஸ்டார்ஸ் என்று ஒரு கால்பந்து டீமாம். அது இந்த வருடம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும் நிலைமையாம். டீம் தப்பித்தால் மொட்டை போடுகிறேன், அதுவரை என் முடியில் கத்தியும் படாது, என் கை தாலியையும் தொடாது என்று, பெண் அமைவதற்கு முன்பே வாக்குக் கொடுத்துவிட்டானாம். கடைசி ஆட்டம் மழையில் தள்ளிப்போய், கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில் வந்து நின்றுவிட்டது.

"தோத்துட்டா?"

"மறுபடி மேல வர்ற வரைக்கும் இப்படியேதாங்க்கா. சாமி குத்தம் ஆயிருமில்ல."

யோசித்துப் பார்த்தேன். டீம் தோற்றால் மாப்பிள்ளை இல்லை. தப்பித்தால் மொட்டை மாப்பிள்ளை. எங்கள் பக்கம் மாப்பிள்ளை மொட்டைத் தலையோடு மேடையில் நின்றால், யார் செத்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் அம்மா கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் பெண்ணின் சித்தப்பா போன் செய்தார். "ஏனுங்க, மாப்பள வாராருங்களா இல்லீங்களா? அங்கயே ஒரு குடும்பம் வெச்சிருக்கறாருன்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க. பந்தக்கால் நடறதுக்குள்ள ஆள் வந்து மொகத்தக் காட்டோணுங்க. இல்லீனா நாங்க வேற எடம் பாத்துக்கறமுங்க."

என் வீட்டுக்காரர் தறிப்பட்டறையை விட்டுவிட்டு வரமுடியாது என்றார். கொல்லிமலைக்குப் போகிற பஸ்ஸிலேயே கண்ணை மூடிக்கொள்கிற மனிதர் அவர். வீட்டில் பாஸ்போர்ட் இருந்தது எனக்கு மட்டும்தான். சிங்கப்பூர் டூருக்கு எடுத்து, கிளம்புகிற சமயத்தில் மாமியார் கால் முறிந்து, வெள்ளைப் பக்கங்களோடு பீரோவில் கிடந்தது. "மேட்சும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். அதுக்கு முன்னாடியே காதப் புடிச்சு இழுத்துட்டு வா" என்று சொல்லி, பெட்டியைத் தறிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

கிளம்புவதற்கு முன் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நான் கர்வப்படுவதற்கு என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், தலைமுடி. நாற்பத்து நாலு வயதிலும் இடுப்புக்குக் கீழே தொங்கும். எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன், மாப்பிள்ளையையும் கூடப் பிறந்தவளையும் சேர்த்து வைத்து எல்லோர் முன்னிலையிலும் செய்கிற சீர். அன்றைக்குக் கல்யாணப் பெண்ணுக்கு அடுத்தபடியாக ஊர்க் கண் முழுக்க அவள் மேல்தான். அதற்காகச் சேலத்தில் பூச்சடை பின்னுகிற பெண்ணிடம் இப்போதே சொல்லிவைத்திருந்தேன்.

தார் எஸ் சலாம் விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் வில்லங்கம் தம்பிக்காகக் கொண்டுபோன ஜவ்வரிசியால் வந்தது. அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து ஒரு மணியை நகத்தால் நசுக்கிப் பார்த்தார். என்ன இது என்றார். எனக்கு இங்கிலீஷில் மரவள்ளிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. செல்லில் கிழங்கின் படத்தைக் காட்டினேன். அவர் சிரித்தார். கிழங்கு அவருக்குத் தெரியும், தினமும் தின்கிறார். அது இப்படி முத்து முத்தாக ஆகும் என்பதைத்தான் நம்பவில்லை. இன்னும் இரண்டு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்கள் சேலம் பக்கத்தில் இதற்காகவே ஆலைகள் இருக்கின்றன என்பதைக் கையாலும் காலாலும் விளக்கினேன். ஒரு கை அள்ளிக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட்டார்கள்.

அங்கிருந்து உள்நாட்டுக்குப் பகல் முழுக்க பஸ். பக்கத்து இருக்கைப் பெண்மணி என் சடையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு லேசாக இழுத்துப் பார்த்தாள். நிஜ முடிதான் என்று பின் இருக்கைக்குத் திரும்பிச் சொல்லியிருக்க வேண்டும், அங்கிருந்தும் ஒரு கை நீண்டு வந்தது. நான் முகத்தைச் சன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை.

பாதி வழியில் பஸ்ஸின் முன் பம்பர் கழன்று ரோட்டில் விழுந்தது. எல்லா ஆண்களும் இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்கள். நம் ஊர் ஆண்களும் இதைத்தான் செய்வார்கள். கடைசியில் டிரைவரின் பார்வை என் பெட்டியைச் சுற்றியிருந்த தறிக் கயிற்றின் மேல் விழுந்தது. வெண்ணந்தூர்க் கயிறு பம்பரைத் தாங்கியது. கயிறு போன பெட்டி, ஊர் வந்து மோட்டார்பைக்கில் ஏற்றும்போதே வாயைப் பிளந்தது. இணைச்சீருக்கு எடுத்த ரவிக்கைத் துணியைப் பொறுக்கிக்கொண்டு நான் ரோட்டில் ஓடினேன்.

பைக் கொண்டுவந்தவன் இம்மா. மோகனின் ரிக்கில் வேலை செய்கிற உள்ளூர்க்காரன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆறடி உயரம், எலுமிச்சை மஞ்சளில் ஜெர்ஸி. "வாங்க்கா, பிரயாணமெல்லாம் சௌரியமுங்களா?" என்றான். நான் பெட்டியை மறுபடி கீழே போட்டேன். ரிக்கில் பேச்சு முழுக்கத் தமிழ்தான் என்பதால் அவனுக்கும் அதே தமிழ் ஒட்டிக்கொண்டதாம். திருச்செங்கோட்டைத் தாண்டாத தமிழ். அந்த ஊரில் இருந்த வரைக்கும் எனக்கு வாயும் காதும் அவன்தான்.

"எம் தம்பி எங்க? அக்கா வர்றாள்னு தெரியாதா அவனுக்கு?"

"கிரவுண்டுல இருக்கறாருங்க. இன்னிக்கு பிராக்டிஸுங்க."

என் கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே பயமாக இருக்கிறது. நேராகக் கிரவுண்டுக்கு விடச் சொன்னேன். அந்தச் சாமியார் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டத்தான் போனேன். தாடிக்குள்ளே இருந்து அம்மாவின் கண் என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டேன். அவனும் அழுதான். இருபது ஆட்டக்காரர்கள் பந்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"இதப் பாருக்கா, புல்லப் பாரு" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"புல்லப் பாக்கவா நான் வந்தேன்?"

"தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். புல்தான். அதற்கப்புறம் கதையைச் சொன்னான். அவன் வந்த புதிதில் அது வெறும் செம்மண் காடு. ஆட்டம் நடந்தால் ஆள் தெரியாது, தூசிதான் தெரியும். கிரவுண்டுக்கு ஒரு போர் போட ரிக்கைக் கூப்பிட்டார்கள். இரண்டு இடத்தில் தண்ணீருக்குப் பதில் மண்புகைதான் வந்தது. முதலாளி வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டார். இவன் ஒரு ராத்திரி அவகாசம் கேட்டு, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு, நம் ஊரில் நீரோட்டம் பார்க்கிற மாதிரி மைதானம் பூராவும் நடந்தான். இந்தக் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் தேங்காய் எழுந்து நின்றதாம். மறுநாள் நானூறு அடிக்குக் கீழே தண்ணீர் பீய்ச்சியது. மொத்த டீமும் சட்டையைக் கழற்றிவிட்டு அதில் குளித்தது.

"இது என்ற தண்ணில மொளச்ச புல்லுக்கா. இதுல ஆடறவன் கீழ போறத நான் எப்படிப் பாத்துட்டு இருக்கறது?"

 நான் குழாயைக் காட்டினேன். அது சொட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீர் கசிந்து கோல் போஸ்ட்டு வரைக்கும் சேறாகியிருந்தது. "அது கெடக்கட்டும், இந்தக் கொழாய்க்கு ஒரு வாசர் மாத்தக் கூடாதா? ஊட்டுலயும் நீ இப்படித்தான்."

"நாளைக்கு மாத்தறேங்க்கா."

அவன் நாளைக்கு என்றால் அது எந்த நாள் என்று எனக்குத் தெரியும்.

சாப்பாடு மாமா ஜுமாவின் சப்பாத்திக் கடையில். அந்த ஊரில் மாமா என்றால் அம்மா. தலைப்பிள்ளை பெயரைச் சேர்த்துத்தான் ஒரு பெண்ணைக் கூப்பிடுவார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்த, பெரிய பெரிய பூப்போட்ட துணி கட்டிய ஒரு பெண்மணியை மாமா என்று கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. அக்கா என்றே கூப்பிட்டேன். அவள் முதலில் வைத்தது சோளமாவுக் களி. கையால் உருட்டி, குழி பண்ணி, கீரையைத் தொட்டுக்கொள்ள வேண்டும். நம் வீட்டுக் களிதான், ராகி மட்டும் இல்லை. அடுத்து உருளைக்கிழங்கு வறுவலின் மேல் முட்டையை ஊற்றி ஒரு அடை. நாமக்கல் ஜில்லாக்காரிக்கு முட்டையா என்று அலட்சியமாக எடுத்தேன். இரண்டாவதும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கடையில் உட்கார்ந்த எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். எதற்காக இந்த டீம்? எங்கள் ஊரில் அப்பா எந்தக் கட்சியோ பிள்ளையும் அந்தக் கட்சி. ஏன் என்று கேட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். இங்கே கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்கிறார்கள்.

இம்மாவை இந்த டீமின் பஸ் இடித்துவிட்டதாம். "ஆஸ்பத்திரில மொத்த டீமும் வந்து கட்டலச் சுத்தி நின்னாங்க. கோல்கீப்பரு ஆரஞ்சு உரிச்சு ஊட்டி உட்டாருங்க. அப்பறம் எப்படீங்க்கா இன்னொருத்தனுக்குக் கை தட்றது?" தெருமுனைத் தையல்காரரிடம் விற்காத மஞ்சள் துணி கட்டுக் கட்டாகக் கிடந்தது. டீம் ஆரம்பித்தவர்கள் அதை மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர் பக்தர். டீமின் நிறம் மஞ்சளானதற்கும் அதுதான் காரணம்.

மாமா ஜுமா சப்பாத்தியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னதை இம்மா எனக்குத் தமிழில் சொன்னான். அவள் புருஷன் வேறொருத்தியோடு பக்கத்து ஊருக்குப் போய்விட்டான். அந்த ஊர் டீம் இங்கே ஆட வந்தபோது அவனும் வந்தான். அவன் உட்கார்ந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் போய் இவள் உட்கார்ந்தாள். "முதல் வருஷம் அவன் மேல இருந்த கோபத்துல கத்தினேன். இப்ப அவன் முகமே மறந்துபோச்சு. கத்தறது மட்டும் நிக்கல."

கடைசி ஆட்டம் அந்தப் பக்கத்து ஊர் டீமோடுதான். சமமாக முடிந்தாலே ம்புயு தப்பித்துவிடும். ஒரு டிரா போதும்.

எனக்கோ அதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும். மோகன் அசையவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று பொய் சொன்னேன். அம்மா அதே சமயம் பார்த்து வீடியோவில் கூப்பிட்டு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே பேசினாள். கடைசி ஆயுதமாகச் சாப்பிட மாட்டேன் என்று படுத்தேன். சாயங்காலம் மாமா ஜுமா தேங்காய்ப்பால் ஊற்றிய பயறும் சுடச்சுடச் சப்பாத்தியும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். வாசனை வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை நித்யா என்னை நேரடியாகக் கூப்பிட்டாள். 

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. அங்க அவருக்கு ஆராச்சும் இருக்கறாங்களா?"

"இருக்கறாங்க அம்மிணி" என்றேன். "பதினோரு பேரு."

 இப்படி வாய்க்கு வந்ததைப் பேசித்தான் என் வாழ்க்கையில் பாதி வம்பு. அவசர அவசரமாக டீம், தண்ணீர், புல், கருப்பணார் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவன் அவளிடம் இதையெல்லாம் சொல்லவே இல்லையாம். சிரித்துவிடுவாள் என்று பயம்.

"தோத்துட்டா?"

"இப்போதைக்கு வரமாட்டான் சாமி."

"தப்பிச்சுட்டா?"

"வருவான். ஆனா மொட்டையோட."

 பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"தப்பிக்கட்டுங்க அண்ணி" என்றாள் நித்யா. "மசுரு மொளைக்கும். ஊருக்குப் புல்லு மொளைக்க வெச்சுட்டு, அந்தப் பதினோரு பேர நடுவுல உட்டுட்டு ஓடியாந்தாருன்னா, அதுதான் எனக்குப் பயமா இருக்கும். சித்தப்பாவ நான் பாத்துக்கறேன். நீங்க மேட்சப் பாத்துட்டு வாங்க."

போனை வைத்தேன். இந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். அதுவரை தம்பிக்குப் பெண் கிடைத்தால் போதும் என்று இருந்தேன். அன்றிலிருந்து எனக்கு நித்யாதான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம். அதற்கு எனக்கு ஒரு டிரா வேண்டும்.

ஜவ்வரிசியை வேகவைத்து இரண்டு நாளாகக் காயவைத்திருந்த வடாமை, ஆட்டத்தன்று பொரித்து ஒரு தூக்குப் போசியில் போட்டுக்கொண்டு போனேன். மைதானத்தைச் சுற்றி மரக்கிளையில்கூட ஆள். மாமா ஜுமா எனக்கு மஞ்சள் துணி ஒன்றைத் தோளில் போட்டுவிட்டாள். மோகன் கருப்பணார் திருநீற்றைப் பூசிக்கொண்டு பேயறைந்தவன் போல நின்றான்.

எனக்குக் கால்பந்தில் தெரிந்தது, பந்து நம் வலைக்குள் போகக் கூடாது என்பது மட்டும்தான். போய்விட்டது. முதல் பாதியில் நம் கோல்கீப்பர், ஆரஞ்சு உரித்த அதே புண்ணியவான், பந்தைப் பிடிக்க ஓரடி நகர்ந்தார். குழாய்ச் சேற்றில் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார். பந்து அவரைத் தாண்டி மெதுவாக உள்ளே போனது. எதிர்ப்பக்கம் ஆரவாரம்.  எங்கள் பக்கம் எல்லோரும் திரும்பி மோகனைப் பார்த்தார்கள்.

"வாசரு" என்றேன் நான்.

அவன் முகம் செத்துப்போனது. ஏன்தான் சொன்னேனோ. இடைவேளை விட்டதும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினான். அவசரத்தில் திருகியதில் குழாயின் பிடியே கழன்று கையோடு வந்துவிட்டது. சொட்டிக்கொண்டிருந்தது இப்போது ஓடையாக ஓடியது. இம்மா துணியைத் திணித்தான், தையல்காரர் தொப்பியைத் திணித்தார், தண்ணீர் எதையும் மதிக்கவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது.

இரண்டாம் பாதி முழுக்க நம் ஆட்கள் முட்டி மோதினார்கள். பந்து கம்பத்தில் பட்டது, ஆள் மேல் பட்டது, வானத்துக்குப் போனது. மாமா ஜுமா கத்திக் கத்திக் குரல் போய் வெறும் காற்றாக வந்தது. நேரம் முடியப் போகிறது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். மோகன் தரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். எனக்கு நித்யாவின் குரல் காதிலேயே நின்றது. என்ன ஆனது என்று தெரியாது, எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"கருப்பணாரே! ஒரு கோலு! ஒரே ஒரு கோலு குடு! என்ற முடியத் தர்றேன்!"

மோகன் படாரென்று தலையைத் தூக்கினான். "அக்கா! பூமுடின்னு சொல்லு! பூமுடின்னு சொல்லு!"

பூமுடி என்றால் நுனியில் ஒரு கொத்து. பெண்கள் பொதுவாக அதைத்தான் வேண்டிக்கொள்வார்கள். ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாம்.

"மொட்டையே போடறேஞ் சாமி!" என்று கத்தினேன்.

நடு மைதானத்திலிருந்து யாரோ கண்ணை மூடிக்கொண்டு பந்தை உயரத் தூக்கி அடித்தார்கள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியிருந்ததால் குழாய்ப் பக்கம் இப்போது அவர்களுடைய கோல்கீப்பர். அவர் மேலே பார்த்துக்கொண்டே இரண்டடி பின்னால் வந்தார். மூன்றாவது அடி மோகனின் தண்ணீரில். கால் முன்னால் போனது, ஆள் பின்னால் போனார், பந்து அவர் வயிற்றில் விழுந்து எழும்பி உருண்டது. கோட்டருகே நின்றுவிடும் போல இருந்தது. நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். யாரோ என்னைத் தூக்கினார்கள். தூக்கில் இருந்த வடாம் முழுக்கத் தலைக்கு மேல் பறந்தது. மாமா ஜுமா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். விசில் ஊதியதும் டீம் முழுக்க அந்த உடைந்த குழாய்க்கு ஓடிப்போய் நனைந்தது, என் தம்பியை நடுவில் போட்டுக்கொண்டு. நான் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று என்று புரியாதவர்களிடமெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டு நின்றேன்.

மோட்டார்பைக்கில் திரும்பும்போதுதான் கை தானாகச் சடைக்குப் போனது.

வெண்ணந்தூரில் என் வேண்டுதல் பற்றிப் பெரிய விசாரணையே நடந்தது. என் வீட்டுக்காரர் என் பக்கம் பேசப் பார்த்தார். "மனசுக்குள்ள சொன்னியா, சத்தமாச் சொன்னியா?" சத்தமாகத்தான். "அங்க இருந்து கத்துனது நம்ம காட்டோரத்துக்குக் கேட்டிருக்குமா?" கேட்காமலா கோல் விழுந்தது என்றாள் அம்மா. பூமுடி என்று மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன என்றார். சாட்சி ஒருத்தன் இருந்தான். அவன் பொய் சொல்லியிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். மோகன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மொட்டைனுதான் மாமா, அக்கா சொல்லிச்சு" என்றான். அதோடு தீர்ப்பு முடிந்தது.

பந்தக்கால் நடுவதற்கு முந்தின நாள் கருப்பணார் கோயிலில் அக்காளும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். முதல் கொத்து மடியில் விழுந்தபோது அதை எடுத்து ஒருமுறை தடவிப் பார்த்தேன். பெருமைப்பட்டுக்கொள்ள வேறு ஏதாவது தேட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு சந்தனம் பூசினார்கள். ஜில்லென்று நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணத்தன்று சேலத்துப் பூச்சடைப் பெண் கூடையோடு வந்து என்னைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "இத எதுலங்க்கா வெக்கறது?" என்றாள். இணைச்சீருக்கு நாங்கள் இருவரும் இரண்டு சந்தன உருண்டைகளாக மேடை ஏறினோம்.  பெண்ணின் சித்தப்பா பதறிப்போய் என் வீட்டுக்காரரிடம் வந்து, "ஏனுங்க, ஊட்டுல ஆருக்குங்க என்ன ஆச்சு?" என்றார். நித்யா மணமகள் அறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, முறைப்படி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பெண் அழுகிறாள் என்று நாலு பெண்கள் ஆறுதல் சொல்ல ஓடினார்கள். அவள் சிரித்த சிரிப்பு எனக்குத்தான் தெரியும்.

பந்தியில் பள்ளிபாளையத்துப் பெரியம்மா ஒருவர் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். சாம்பார் வருவதற்குள், என்ன வேண்டுதல் அம்மிணி என்று கேட்டுவிட்டார். மறைக்கத் தோன்றவில்லை. டீம், குழாய், சேறு, கோல், நான் கத்தியது, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கேட்டார். முடித்ததும் நான்கு பக்கமும் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"ஏஞ் சாமி, அந்த டீமு அடுத்த வருசமும் ஆடுதா? எம் பையனுக்கு முப்பத்தாறு முடியுது. இன்னும் பொண்ணு அமையல."

"ஆடறாங்க பெரியம்மா. ஆவணில ஆரம்பிக்கறாங்க" என்றேன். அதை நான் எப்போது விசாரித்து வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "ஆனா ஒண்ணு. கத்தறப்ப மறக்காமப் பூமுடின்னு சொல்லிப்போடுங்க."